கல்வியியல் ஒரு பட்டப்பாடமாக: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகப் பாடங்களுள் கல்வியியலைப் போலத் தனது இருப்புரிமையை மீண்டும் மீண்டும் நிறுவவேண்டிய நிலைக்குட்பட்டது பிறிதொன்றில்லை எனலாம். வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவனை நோக்கி, ஆசிரியனாகப் போகிறாயா என்று கேட்பார் உளர். வரலாறு ஓர் அறிவுத்துறைதானா என்று கேட்பார் இலர். கல்வியியல் மாணவன் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறவேண்டியவனாகின்றான். இந்நிலைக்கான காரணத்தை அப்பாடத்தின் உள்ளடக்கத்திலன்றி, அது பல்கலைக்கழகத்தினுள் புகுந்த வழியிலேயே தேடுதல் வேண்டும்.

அவ்வழி தமிழகத்தின் மணற்றரையொன்றையும் தொட்டுச் செல்கின்றது. 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கென அமைக்கப்பட்ட அநாதை இல்லத்தை நடத்தும் பொறுப்பினை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மதகுருவான அன்றூ பெல் ஏற்றார். ஒருநாட் காலை அவர் குதிரையிற் சென்றபொழுது, உள்ளூர்ப் பள்ளியொன்றிலே சிறுவர் நிலத்தில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பயில்வதைக் கண்டார். அப்பள்ளியை ஆங்கில நூல்கள் ‘மலபார்’ பள்ளி எனக் குறிக்கின்றன. அக்காலத்து ஆங்கிலேயர் சென்னையிலும் இலங்கையிலும் தமிழரையே அப்பெயரால் வழங்கினர். மணலெழுத்தைத் தமது பள்ளியிற் புகுத்த பெல் விரும்பினார், ஆசிரியர் இணங்கவில்லை. எனவே எட்டு வயதளவினனான ஜோன் பிறிஸ்கென் என்னும் மாணவனிடமே சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். நமது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை நெடுங்காலமாகச் செய்துவந்த பணி அது.

இந்த அனுபவத்தை பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று பெயர்பெற்ற இம்முறை, கைத்தொழிற் புரட்சியால் நகரங்களிற் குவிந்த ஏழைப் பிள்ளைகளை மிகக் குறைந்த செலவில் எழுத்தறிவித்தற்கு உகந்ததெனக் கொள்ளப்பட்டது. ஓர் ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கான மாணவர்: இதுவே அதன் அமைப்பு. இதே காலத்தில் ஜோசப் லங்காஸ்ரர் என்பாரும் இதனையொத்த முறையொன்றை வகுத்திருந்தமையால் இருவரின் ஆதரவாளரிடையே முன்னுரிமைப் பூசல் எழுந்தது. அதனை விரித்தல் ஈண்டு வேண்டியதன்று. நோக்கற்பாலது வேறொன்று. ஊர்ப்பள்ளியில் ஆசானுக்கும் மாணாக்கனுக்குமிடையே உறவாக இருந்ததொன்று, இங்கிலாந்திலே தொழிற்சாலை ஒழுங்காக உருமாறிற்று. எடுத்துச் செல்லப்பட்டது மணலும் விரலும் மட்டுமே.

பெல் 1832இல் இறந்தபொழுது கல்விப் பணிகளுக்கென ஏறத்தாழ 120,000 பவுண் விட்டுச்சென்றார். அந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டே 1876இல் எடின்பரோ, சென் அன்றூஸ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் கல்விக்கான பேராசிரியர் பதவிகள் நிறுவப்பட்டன. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் கல்வியியல் பேராசிரியர் இருக்கை பெற்றது அப்பொழுதேயாகும். சேர்மனியில் இது முன்னரே நிகழ்ந்திருந்தது. ஹாலே பல்கலைக்கழகத்தில் 1779இல் ட்றாப் என்பார் கல்வியியற் பேராசிரியரானார். 1809இல் கோனிக்ஸ்பேர்க் சென்ற ஹேர்பார்ட், மெய்யியலையும் கல்வியியலையும் ஒன்றாகவே போதித்தார். சேர்மானிய மரபிலே கல்வியியல் மெய்யியலின் உடன்பிறப்பாக வளர, பிரித்தானிய மரபிலே அது ஆசிரியப் பயிற்சியின் மேல்மாடியாக அமைந்தது. நமக்கு வாய்த்தது பின்னையது.

எனினும் ஆசிரியப் பயிற்சி என்னும் வாயிலினூடாகவே பேரறிவு நுழைந்த சந்தர்ப்பமும் உண்டு. எமில் டூர்க்கைம் 1887இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் நியமனம் பெற்றது சமூக விஞ்ஞானத்தையும் கற்பித்தலியலையும் போதித்தற்கே. பள்ளி ஆசிரியருக்கு விரிவுரையாற்றும் கடமை அவருக்கிருந்தது. பிரான்சில் சமூகவியல் பல்கலைக்கழகத்தினுட் புகுந்தது அந்த நியமனத்தின் நிழலிலேதான்.

இலங்கையில் 1942இல் தோன்றிய பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை 1949இல் உருவாயிற்று. பட்டதாரிகளைப் பயிற்றி ஆசிரியராக்கும் பட்டப்பின் டிப்புளோமாவே அதன் தலையாய பணி. கன்னங்கரா குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்திருந்தது. இடைநிலைப் பாடசாலைகள் பெருகின, பட்டதாரி ஆசிரியர் தேவைப்பட்டனர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறியபின், ஆசிரியரை நியமிக்கும் தலைமை நிறுவனமாக அரசே ஆயிற்று. இதனால் கல்வித்துறைச் சான்றிதழின் பெறுமதி சம்பளத் திட்டத்தினாலேயே அளக்கப்படலாயிற்று.

பேராதனையில் 1960களிற் கல்விமாணிப் பட்டநெறி தொடங்கப்பட்டமை இப்பின்னணியிலேதான் மதிக்கப்படவேண்டும். அப்போது கல்விப் பேராசிரியராயிருந்த ஜே. ஈ. ஜயசூரிய, 1961ஆம் ஆண்டுத் தேசியக் கல்வி ஆணைக்குழுவின் தலைவராகவும் விளங்கியவர். டிப்புளோமா மாணவன் வேறொரு துறையிற் பட்டம் பெற்றபின் ஓராண்டு வந்துசெல்பவன். அவனுக்குக் கல்வியியல் மேலதிகத் தகைமை. பட்டநெறி மாணவனோ இருபது வயதில், கல்வி மெய்யியல், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், ஒப்பியற் கல்வி, அளவீடு என்பவற்றைத் தனது முதற் பாடமாகவே கற்பவன். ‘எவ்வாறு கற்பிப்பது’ என்பதற்கு முன்பாக ‘யாருக்கு, எதற்காக, யாருடைய செலவில்’ என்று கேட்க அவனுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசமுண்டு. சுயமொழிவழி மாணவர் கலைப்பீடத்தினுள் நுழைந்த தசாப்தத்திலேயே இவ்வாய்ப்பு ஏற்பட்டமையையும் சேர்த்து நோக்கவேண்டும். கிராமப் பாடசாலையிலிருந்து வந்தவன், அப்பாடசாலையையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் நிலை அப்பொழுது தோன்றிற்று.

1972ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கித் துறைகளை வளாகங்களிடையே மறுபங்கீடு செய்தபொழுது கல்வித்துறை கொழும்பு வளாகத்துக்குச் சென்றது. 1978இல் அங்கு தனிப் பீடமாயிற்று. இந்த இடமாற்றத்தின் நிர்வாகக் கதையைவிட, அதே ஆண்டுகளிற் கல்வியியலின் கலைச்சொல்லொன்றுக்கு நேர்ந்த கதி முக்கியமானது.

‘தரப்படுத்தல்’ என்பது அளவீட்டியலிற் பயிலப்படும் எளிய கருத்து. வெவ்வேறு பரீட்சைகளின் புள்ளிகளை நேரடியாக ஒப்பிட இயலாதாகையால், சராசரியையும் நியம விலகலையும் கொண்டு அவற்றைப் பொது அளவுத்திட்டமொன்றுக்கு மாற்றுவதே அது. பல்கலைக்கழக அனுமதியில் 1971இல் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் கையாளப்பட்டன. பொறியியலுக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1973இல் மொழிமூல அடிப்படையிலான தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மொழிக் குழுக்களின் சராசரித் திறன் சமமானது, புள்ளி வேறுபாடு பரீட்சையால் விளைந்தது என்னும் எடுகோள் இன்றி மொழிமூலத் தரப்படுத்தலுக்குப் புள்ளிவிபர நியாயமில்லை. ஆய்வுகூடமுள்ள பாடசாலைக்கும் அஃதில்லாத பாடசாலைக்குமுள்ள வேறுபாட்டை அச்சூத்திரம் காணாது. யாழ்ப்பாணத்தின் வசதிபெற்ற கல்லூரியும் வன்னியின் ஓலைக்கொட்டிற் பாடசாலையும் அதன் கண்களுக்கு ஒரே ‘தமிழ்மொழிமூலம்’. மலையகத் தோட்டப் பள்ளிகளோ அக்கணக்கில் இடம்பெறும் நிலையையே எட்டியிருக்கவில்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சலுகை வேண்டும் என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. மொழியை அளவுகோலாகக் கொண்டதில் அந்நியாயம் இல்லை. ஓர் இளந்தலைமுறையின் அரசியலையே திசைதிருப்பிய இவ்விடயத்தைப் பற்றிய பொது விவாதத்திலே, அச்சொல்லின் பொருளை அறிந்து பேசியோர் சிலரே. மேடைகளில் அது வசைச்சொல்லாகவும் அமைச்சிலே சூத்திரமாகவும் வழங்கிற்று. கல்வியியலை ஆசிரியப் பயிற்சியாக மட்டும் கொண்ட சமூகம் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்றென்பது என் கருத்து.

1985இல் தேசிய கல்வி நிறுவகமும், அடுத்த ஆண்டின் சட்டத்தின்கீழ்த் தேசிய கல்வியியற் கல்லூரிகளும் ஏற்பட்டதன் பின்னர், ஆசிரியரைப் பயிற்றும் பொறுப்பின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கு வெளியே சென்றது. பட்டநெறி தனது மற்றப் பணிக்குத் திரும்ப இது நல்ல தருணமாயிருந்தது. ஆயினும் கல்விமாணிப் பட்டம் இன்றும் பெரிதும் தொழிற்றகைமையாகவே மதிக்கப்படுகின்றது. தமிழில் இத்துறையை வளர்த்தோர் பணி குறைந்ததன்று. பேராசிரியர் சோ. சந்திரசேகரன் மலையகக் கல்வி பற்றியும், பேராசிரியர் சபா ஜெயராசா கல்வி உளவியல் முதலியன பற்றியும் எழுதியவை மாணவர் கைகளில் உள்ளன. செய்யப்படாது கிடப்பது இதற்கு அடுத்த படியிலுள்ள வேலை. பாடசாலைகளின் வரவு இடாப்புகளும் சம்பவத் திரட்டுகளும், எந்தப் பிள்ளை எந்த மாதத்தில், எந்த அறுவடைக் காலத்தில் பள்ளியை விட்டு நின்றது என்பதைக் காட்டும் மூலங்கள். போரிலே பல அழிந்தன. எஞ்சியவை அதிபர் அறை அலுமாரிகளிற் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர், தமது சொந்தப் பாடசாலையின் அலுமாரியைத் திறப்பதற்கு அதிபரின் அனுமதிக் கடிதமொன்றே போதும்.