ஆறு பவுண்ட் முதலீடும் சாப்பாட்டு மேஜையும்

1964ஆம் ஆண்டு லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு சின்ன வேலைவாய்ப்பு விளம்பரம் வந்தது. "ஓய்வுபெற்ற" புரோகிராமர்கள் தேவை, பெண்கள் மட்டும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்பது அதன் சாரம். பெண் விடுதலை என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு இது ஒத்துவராது என்று ஒரு குத்தலும் கூடவே இருந்தது. இதில் ஓய்வுபெற்றவர்கள் என்றால் அறுபது வயதைத் தாண்டிய பாட்டிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தாறு, இருபத்தெட்டு வயதில் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள்! அந்தக் காலத்து இங்கிலாந்தில் அதற்குப் பெயரே ஓய்வுதான்.

விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ். தொடங்கியவர் ஸ்டெஃபனி ஷெர்லி. குழந்தை பெற்ற பெண் திரும்ப வேலைக்கு வருவது பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். வீட்டிலிருந்து வேலை என்பதை 2020 கொரோனா ஊரடங்கில்தான் கண்டுபிடித்தோம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து 1962லேயே ஒருவர் லாபக் கணக்கில் எழுதிக் காட்டியிருக்கிறார் என்பது பி.காம் படிக்கும் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தார். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் வந்ததும் பதவி போனது. 1939இல், ஐந்து வயதில், அக்காவுடன் அகதிக் குழந்தைகளுக்கான ரயிலில் இங்கிலாந்து வந்து வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்ந்தார். பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது. ஆனால் பெண்கள் பள்ளியில் அதை மேலே சொல்லித்தர ஆளில்லை, பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. 18 வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் கணினி உருவான அதே இடம். பகலில் வேலை, மாலை வகுப்பில் படிப்பு என்று ஆறு வருடம் ஓட்டி, 1956இல் கணிதப் பட்டம் வாங்கினார்.

இங்கே ஒரு பின்னணியைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1946 வரை கல்யாணமான பெண் வேலையை விட்டே ஆக வேண்டும். வழக்கம் அல்ல, விதி. வெளியுறவுத் துறையில் அந்த விதி 1973 வரை நீடித்தது. மற்ற இடங்களில் விதி எடுக்கப்பட்ட பிறகும் வாடை போகவில்லை. குழந்தை பிறந்தால் வீடு, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் கணினித் துறையில் ஆள் பஞ்சம். ஒருவருக்கு நிரல் எழுதப் பழக்க நிறையச் செலவு செய்வார்கள், அவர் தாயானதும் அந்தப் பயிற்சியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். முதலீடு செய்து வாங்கிய இயந்திரத்தை ஐந்து வருடத்தில் ஸ்கிராப் கணக்கில் எழுதுவது மாதிரி.

1959இல் ஷெர்லிக்குத் திருமணம் ஆனது. கம்ப்யூட்டர் டெவலப்மெண்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்கும் மாறினார். அங்கே ஒரு கூட்டத்தில் விலை நிர்ணயம் பற்றி யோசனை சொல்லப்போக, உங்களுக்கு ஏன் அதெல்லாம், நீங்கள் டெக்னிக்கல் ஆள்தானே என்கிற பாணியில் வாயை அடைத்தார்களாம். ராஜினாமா. 1962இல் 6 பவுண்ட் மூலதனத்தில் சொந்தக் கம்பெனி. (ஆறு லட்சம் இல்லை, ஆறு.)

அன்றைக்கு மென்பொருள் என்பது கணினி வாங்கினால் கூடவே இலவசமாகக் கொடுக்கப்படும் சமாச்சாரம். ஐ.பி.எம். நிறுவனமே 1969இல்தான் மென்பொருளுக்குத் தனியாக விலை போடப்போவதாக அறிவித்தது. இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்கிறார், அதுவும் பெண் என்று சிரித்தார்கள். அவர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கடைசியில் கணவர் யோசனைப்படி ஸ்டெஃபனி என்ற கையெழுத்தை ஸ்டீவ் என்று மாற்றிப் போட்டார். கதவுகள் திறந்தன! நேரில் போய்க் கைகொடுத்த பிறகுதான் ஸ்டீவ் ஒரு பெண் என்று எதிராளிக்குத் தெரியும். கடைசி வரை அவரை ஸ்டீவ் என்றே கூப்பிட்டார்கள்.

வேலை நடந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் கணினி கிடையாது. கணினியே ஓர் அறை அளவுக்கு இருந்த காலம். பென்சிலும் காகிதமும்தான். கோடிங் ஷீட்டில் கட்டம் கட்டமாக நிரலை எழுதி, மேஜையிலேயே வரி வரியாகச் சரிபார்த்து, தபாலில் அனுப்ப வேண்டும். அது துளையட்டையாகவோ நாடாவாகவோ மாறி இயந்திரத்துக்குப் போகும். இயந்திர நேரம் தங்க விலை என்பதால் பிழையில்லாமல் எழுதுகிறவருக்கே மதிப்பு. குழந்தை தூங்கும் நேரத்தில் சாப்பாட்டு மேஜையில் அதைச் செய்ய முடியும் என்பதைப் பார்த்ததுதான் ஷெர்லியின் வியாபார மூளை. அவருக்கே 1963இல் மகன் பிறந்தான். வாடிக்கையாளர் போன் செய்தால் குழந்தை அழும் சத்தம் கேட்கக் கூடாதே! தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, போன் பேசும்போது பின்னணியில் ஓடவிட்டாராம். பெரிய ஆபீஸ் என்று எதிர்முனை நினைத்துக்கொள்ளும்.

விலை வைத்ததிலும் ஒரு கெட்டிக்காரத்தனம். மணிக்கு இவ்வளவு என்று வைத்தால், யார் எங்கே உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வி வரும். முழு வேலைக்கும் ஒரே விலை பேசிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கணக்கு தப்பினால் நஷ்டம் கம்பெனிக்கு, அது வேறு விஷயம்.

இப்படி வந்த வேலைகளில் ஒன்று கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல். ஒலியை விட வேகமாகப் பறந்த விமானம்! அந்தக் குழுவை நடத்திய ஆன் மோஃபட், வீட்டில் கைக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு நிரல் எழுதும் 1966ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று புகழ்பெற்றது.

இவ்வளவு புகழ்ந்தாலும் ஒரு விஷயம் இடிக்கிறது. ஷெர்லி சேர்த்துக்கொண்டது பெரும்பாலும் ஏற்கெனவே நிரல் எழுதப் பழகியவர்களை. கணினியையே பார்க்காத ஒரு தாய் அந்த விளம்பரத்தைப் பார்த்து என்ன செய்திருப்பாள்? படிப்பே பாதியில் நின்றவள்? தவிர, இவர்கள் ஃப்ரீலான்ஸ் ஆட்கள், வேலை இருந்தால்தான் வருமானம். 1970களின் தொடக்கத்தில் பொருளாதாரம் மந்தமானபோது கம்பெனியே தள்ளாடியது.

மற்றவர்களுக்கு அரசு என்ன செய்தது என்று தேடினால், 1972இல் தொடங்கிய பயிற்சி வாய்ப்புத் திட்டம் வருகிறது. நிறையப் பெண்கள் சேர்ந்தார்கள், உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்தது தட்டச்சு, சுருக்கெழுத்து வகுப்புகளில். (நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்தில் அலுவலகக் கணினி அந்த வேலைகளைத்தான் முதலில் விழுங்கியது.) 1981இல் லீட்ஸ் நகரில் கிழக்கு லீட்ஸ் மகளிர் பட்டறை தொடங்கிய பிறகுதான் வேறு மாதிரி ஒரு முயற்சியைப் பார்க்க முடிகிறது. தச்சு, மின்னணுவியல், கணினி என்று கற்றுக்கொடுத்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். என்னைக் கேட்டால் பாடத்திட்டத்தை விட அந்தக் கடைசி ஏற்பாடுதான் முக்கியம். குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பயிற்சித் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஷெர்லி கம்பெனிக்குத் திரும்புவோம். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். பிறகு 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. பெண்களைக் காக்க வந்த சட்டம், பெண்களுக்கு மட்டும் வேலை கொடுத்த நிறுவனத்தை நீ செய்வது தப்பு என்றது! ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. குழந்தையுள்ள பெண்களுக்கு வேலை என்றிருந்த கம்பெனிக் கொள்கை, பராமரிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை என்று மாறியது. இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகனும் அதற்குள் வந்துவிடுகிறான். ஷெர்லியின் மகன் ஜைல்ஸுக்கே ஆட்டிசம் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்பட்டது. 1998இல், 35 வயதில், அவர் இறந்துபோனார்.

பங்குகளை ஊழியர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்ததையும் சொல்ல வேண்டும். நிறுவனம் 1996இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. ஊழியர்களில் 70 பேர் மில்லியனர்கள் ஆனார்கள். தன் பங்குக்குக் கிடைத்ததில் 6 கோடி பவுண்டுக்கு மேல் ஷெர்லி தானமாகக் கொடுத்தார், பெருமளவு ஆட்டிசம் தொடர்பான பணிகளுக்கு. ஆகஸ்ட் 2025இல், 91 வயதில் காலமானார்.

கம்பெனியின் பெயர் எஃப் இன்டர்நேஷனல், எஃப்.ஐ. குரூப் என்று மாறி, 2001இல் ஸான்ஸா ஆனது. 2007இல் அதை பிரான்சின் ஸ்டீரியா வாங்கியது. ஸான்ஸா என்ற பெயரைச் சென்னை ஐ.டி. ஆட்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். நொய்டா, புனேயோடு சென்னையிலும் அதற்கு அலுவலகம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சாப்பாட்டு மேஜைக் கதையை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.