சத்திரக்காரன் கணக்கு

பெருந்தொற்றுக் காலத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்திருக்கிறார்கள். கிருமியின் குலங்கோத்திரம், முகக்கவசத்தின் மகிமை, ஊரடங்கில் பட்ட பாடு எல்லாம் இம்மலரைப் புரட்டுவோர் அறிந்தவை. அவர்களில் பலர் மருத்துவர்கள், செவிலியர்கள். ஆகவே அவற்றைத் தாண்டி நேரே லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்புறத்துக்குப் போகலாம்.

அங்கே வில்லோபுரூக் என்னும் பகுதியில் மார்ட்டின் லூதர் கிங் பெயர் தாங்கிய சமுதாய மருத்துவமனை ஒன்று உண்டு. 2015இல் திறக்கப்பட்டது, படுக்கைகள் 131. சுற்றிலும் வாழ்வோர் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழியினரும் கறுப்பின மக்களும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பாக்கியம் அவர்களில் சிலருக்கே வாய்த்தது. மளிகைக் கடை, கிடங்கு, சமையற்கூடம், பேருந்து என்று ஊர் அடங்கிய போதும் அடங்காத இடங்களில் நின்றவர்கள் அவர்கள். மாலையில் திரும்பியதோ நெருக்கியடித்துப் படுக்கும் சிறு வீடுகளுக்கு. சர்க்கரை நோய் அங்கே கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே குடியேறியிருந்தது.

2020 டிசம்பரில் அம்மருத்துவமனையின் முன்கூடம் முழுவதும் நோயாளிகள். பரிசுப்பொருள் விற்கும் கடைக்குள் தள்ளுகட்டில்கள் போடப்பட்டன. வெளியே ஐந்து கூடாரங்கள். 2021 ஜனவரித் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மருத்துவமனைகளில் ஏறத்தாழ 8,000 கோவிட் நோயாளிகள் இருந்தனர். ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவிடுமாறு ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு உத்தரவு போனது. தகனத்துக்கு வழக்கமாக உள்ள எண்ணிக்கை வரம்பையும் அந்த மாதம் தளர்த்த நேர்ந்தது. இதற்கு மேல் அந்நாட்களை வருணிக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட இரவில் ஒரு செவிலியர் அறைக் கதவைத் திறக்குமுன் தன்னைத்தானே என்ன கேட்டுக்கொண்டிருப்பார்? அம்மருத்துவமனையின் பெயருக்குரியவர் அந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார். 1968 ஏப்ரல் 3ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில், வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளருக்காகக் கிங் பேசினார். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கடைசிப் பேச்சில் அவர் எடுத்துக்கொண்டது லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம்: எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவன் கதை. அந்தச் சாலையில் கிங்கும் அவர் மனைவியும் காரில் இறங்கிப் போனதுண்டு. வளைவும் சரிவுமாக, பதுங்கியிருந்து தாக்க ஏற்ற வழி என்று அவர் கண்டார். கிடந்தவனைக் கண்டும் காணாமல் போன ஆசாரியனும், கோயில் ஊழியனான லேவியனும் அஞ்சியது, நின்றால் தமக்கு என்னாகும் என்றுதான் இருக்கும் என்பது கிங்கின் ஊகம். நில்லாவிட்டால் இவனுக்கு என்னாகும் என்று அஞ்சியவன், பின்னால் வந்த சமாரியன். பாதுகாப்பு அங்கிக்குத் தட்டுப்பாடு வந்த நாட்களில் இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவேதான் மருத்துவப் பணியாளர்கள் நின்றார்கள்.

ஆனால் அக்கதையில் யாரும் பேசாத ஒருவன் இருக்கிறான். சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான், மறுநாள் புறப்பட்டுவிடுகிறான். அதன்பின் சீழைத் துடைத்ததும் கஞ்சி ஊற்றியதும் யார்? சத்திரக்காரன் என்பது சொல்லாமலே விளங்கும். தமிழ் வேதாகமம் ‘சத்திரம்’ என்று அழகாகச் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘பாண்டோகெயோன்’. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது அதன் பொருள். அரபு மொழியில் விடுதியைக் குறிக்கும் ‘ஃபுந்துக்’ என்ற சொல்லும் இதன் வழிவந்ததே. சத்திரக்காரன் கையில் சமாரியன் கொடுத்தது இரண்டு தெனாரியம். மத்தேயு சுவிசேஷத்துத் திராட்சத்தோட்டக் கணக்குப்படி இரண்டு நாள் கூலி. கூடச் செலவானால் திரும்பும்போது தருவதாக வாக்குச் சொன்னான். திரும்பினானா, தந்தானா என்று லூக்கா எழுதவில்லை.

எல்லாரையும் ஏற்பது அமெரிக்காவில் இன்று சட்டமும்கூட. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, உயிராபத்தை நீக்க வேண்டும் என்று 1986இல் விதித்தார்கள். பல தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ்வாசிகளுக்கு அவசரப் பிரிவே குடும்ப மருத்துவர் ஆகிவிட்டது. அப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் குறைவு என்பதை மருத்துவமனையின் தலைமை நிர்வாகி டாக்டர் எலைன் பேட்ச்லர் அலுக்காமல் சொல்லி வந்தார்.

இந்தக் குறை நேற்று முளைத்ததன்று. 1965 ஆகஸ்டில் பக்கத்து வாட்ஸ் பகுதியில் மூண்ட கலவரத்தில் 34 பேர் மாண்டனர். காரணம் ஆராய்ந்த மெக்கோன் குழு, அங்கே மருத்துவ வசதி இல்லாததையும் ஒரு குறையாகக் குறித்தது. 1972இல் கிங் பெயரில் மாவட்ட மருத்துவமனை எழுந்தது. அருகிலேயே, இரத்த வங்கிக்கு வழிகாட்டிய கறுப்பின அறுவை மருத்துவர் சார்ல்ஸ் டுரூவின் பெயரில் மருத்துவக் கல்லூரி. வெள்ளையர் இரத்தம், கறுப்பர் இரத்தம் என்று தனித்தனிப் புட்டிகளில் வைத்ததற்கு அறிவியலில் ஆதாரமில்லை என்று சொன்னவர் டுரூ. ஆனால் சீர்கேடுகள் மலிந்து, நடுவண் அரசின் நிதி நின்று, அந்தப் பழைய மருத்துவமனை 2007இல் மூடப்பட்டது. எட்டாண்டு இடைவெளிக்குப் பின் திறந்த 131 படுக்கைகளே பெருந்தொற்றின் வாயில் அகப்பட்டவை.

மருத்துவமனைக்குப் பெயர் தந்த கிங்கின் வாழ்வில் தமிழர் நெஞ்சு நிமிரத்தக்க செய்தி ஒன்று உண்டு, பலர் அறியார். 1959இல் காந்தி நினைவு நிதியின் அழைப்பில் இந்தியா வந்த கிங், சென்னையோடு நில்லாமல் காந்திகிராமத்துக்கும் சென்றார். அதை ஜி. இராமச்சந்திரனோடு சேர்ந்து உருவாக்கிய சௌந்தரம் அம்மையார் ஒரு மருத்துவர். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கைம்பெண்ணாகி, அதன்பின் மருத்துவம் படித்தவர். 1947இல் சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கைகளோடு அவர் தொடங்கியது, பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கிங் அங்கே எதை எதைப் பார்த்தார் என்று அடுக்க இடமில்லை. ஆயினும் இப்பயணம் முடிந்து திரும்பும் வழியில்தான் அவர் எருசலேமில் இறங்கி எரிகோ சாலையில் போனார் என்பதை எண்ணும்போது, காந்திகிராமத்துப் புழுதி அவர் காலணியில் ஒட்டியிருக்காதா என்று கேட்கத் தோன்றுகிறது. பக்தர் மனம் அப்படித்தான் கணக்குப் போடும், வரலாற்றாசிரியர்கள் பொறுத்தருள்க.

மலரை ஏந்தும் இளைய மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளிங்குத் தளம் போட்ட மருத்துவமனைகளுக்கு ஆள் தானே கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் ஓரிரு ஆண்டுகளாவது சத்திரக்காரன் பக்கம் நில்லுங்கள்.

அவன் கணக்கு எப்படி முடிந்தது? நம் காலச் சத்திரமான கிங் மருத்துவமனையின் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் அரசுக் காப்பீட்டை நம்பியவர்கள். ஏழைகளுக்கான மெடி-கால் திட்டம் அவசர சிகிச்சைக்குத் தருவது, தனியார் காப்பீடு தருவதைவிடப் பல மடங்கு குறைவு. பெருந்தொற்றின்போது கைதட்டல் நிறையக் கிடைத்தது, நன்கொடையும் வந்தது. 2023இல் கையிருப்பு கரைந்து, மூட நேரலாம் என்ற எச்சரிக்கையோடு பேட்ச்லர் கலிஃபோர்னிய மாநில அரசிடம் அவசர நிதி கேட்டார்.