வரைபடத்தில் இல்லாத ஊர்

கொல்கத்தாவில் வேலை பார்த்த நாட்களில் ஒருமுறை நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ஜாதவ்பூர் பக்கம், பிஜோய்கர் காலனி. வாசலில் ஈஸி சேரில் உட்கார்ந்திருந்த அவன் தாத்தா என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "உன் தேஷ் எது?" என்றார். இந்தியா என்று சொல்வதா, தமிழ்நாடு என்று சொல்வதா எனக் குழம்பி நின்றேன். "சொந்த ஊரைக் கேக்குறார்" என்றான் நண்பன்.

திருவண்ணாமலை என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். மெட்ராஸிலிருந்து நாலைந்து மணி நேரம், பெங்களூரிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்றேன். பெங்களூர் என்று காதில் விழுந்ததும் கிழவர் நிமிர்ந்துவிட்டார். வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான் என்று மூன்று விரல்களை மடக்கினார். அப்புறம் மிச்ச இரண்டையும் மடக்கினார்: அப்பாராவ், சாலே. எனக்கு அதில் ஒருத்தரையும் தெரியாது. தெற்கத்திக்காரன் எனக்கே தெரியாத ஐந்து தெற்கத்திக்காரர்களின் பெயரை ஒரு வங்காளக் கிழவர் சாமி பெயர் மாதிரி சொல்கிறார். அன்றைக்குப் பிடித்த ஆர்வம்தான் இந்தக் கட்டுரை.

பரம்பரைப் பக்தி எனக்குப் புதுசில்லை. எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரையை மலைமேல் கொண்டுபோய் ஏற்றுகிறவர்கள் பர்வதராஜகுலத்துக்காரர்கள். 2668 அடி உயரம். நெய்யும் திரியும் மேலே போகவேண்டும், பதினோரு நாள் தீபம் அணையாமல் இருக்கவேண்டும். அப்பன் செய்தான், மகன் செய்கிறான். அந்த வீட்டுப் பையனிடம் போய் "உனக்கு ஏன் இது பிடிக்கும்?" என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அவனுக்குக் கேள்வியே புரியாது. ஆனால் ஒரு கால்பந்து கிளப்பை அப்படித் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கமுடியும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. எங்கள் ஊரில் பந்து என்றால் கிரிக்கெட் பந்துதான்.

கொல்கத்தாவில் அது இரண்டு கிளப்புகள். முதலில் மோகன் பகான். 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்குக் கொல்கத்தாவின் பெரிய வீட்டுக் குடும்பங்கள் சில சேர்ந்து தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். சுதிர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். கூட்டத்தின் பின்வரிசையில் மைதானம் கண்ணுக்கே தெரியாமல் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைப் பட்டம் விட்டுத் தெரியப்படுத்தினார்கள். இந்தக் கதை பல இடங்களில் எழுதப்பட்டுவிட்டது, நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். படிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அணியில் ஆடிய பலருக்குப் பூர்வீகம் கிழக்கு வங்காளம். மேற்கு வங்காளத்தானின் கிளப் என்று பிற்காலத்தில் பெயரெடுத்த கிளப்பின் மிகப் பெரிய நாளிலேயே கிழக்கத்தியான்கள்தான் ஓடியிருக்கிறார்கள்.

இன்னொரு கிளப் ஒரு மனக்கசப்பில் பிறந்தது. 1920 ஜூலை 28, கூச் பெஹார் கோப்பை. மோகன் பகானுக்கு எதிராக ஜோராபகான் அணி ஆடவேண்டும். சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதுதான் காரணம் என்று பேச்சு. கிளப்பின் துணைத்தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. வெளியே வந்து நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, சிலரைச் சேர்த்துக்கொண்டு புது கிளப் தொடங்கினார். பெயருக்கு ரொம்ப யோசிக்கவில்லை. நம்ம ஊர்ப் பெயரையே வைப்போம். ஈஸ்ட் பெங்கால்.

அப்போது இந்தப் பெயரில் பெரிய சோகம் ஒன்றும் கிடையாது. டாக்காவிலிருந்தும் பரிசாலிலிருந்தும் படிக்க, வேலை தேடக் கொல்கத்தா வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் 'பாங்கால்' என்று கிண்டலடிப்பார்கள். இவர்கள் உள்ளூர்க்காரர்களை 'கோட்டி' என்பார்கள். பேச்சு வழக்கு வேறு, குழம்பு ருசி வேறு. அவனுக்கு இறால், இவனுக்கு ஹில்சா. சென்னையில் மதுரைக்காரனைக் கேலிசெய்கிற அளவுக்குத்தான் விவகாரம். லீவு விட்டால் ஊருக்கு ரயில் இருந்தது.

1947-இல் அந்த ரயில் வேறு நாட்டுக்குப் போகிற ரயில் ஆனது. கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தவர்களும் 1950 பிப்ரவரிக் கலவரங்களுக்குப் பிறகு நம்பிக்கையை விட்டார்கள். நண்பனின் தாத்தா குடும்பம் பரிசாலிலிருந்து கிளம்பியது அந்த வருஷம்தான். அவருக்குப் பன்னிரண்டு வயது. சியால்டா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எத்தனை நாள் படுத்திருந்தோம் என்பதை அவர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணாகச் சொல்வாராம். 1951 கணக்கெடுப்பின்போது மேற்கு வங்கத்தில் சுமார் 21 லட்சம் அகதிகள் இருந்தார்கள். பிஜோய்கர் என்பதே போருக்குப் பிறகு காலியாகக் கிடந்த ராணுவக் கொட்டகைகளில் அகதிகள் புகுந்து உட்கார்ந்து உண்டாக்கிய காலனி. பட்டா எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரத்தைக் கவனிக்கவேண்டும். பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன பகுதிக்கு முதல் எட்டு ஆண்டுகள் கிழக்கு வங்காளம் என்றே பெயர். 1955-இல் அதைக் கிழக்குப் பாகிஸ்தான் என்று மாற்றினார்கள். 1971-இல் வங்காளதேசம் ஆனது. 1955-க்குப் பிறகு உலகத்தின் எந்த வரைபடத்திலும் கிழக்கு வங்காளம் என்ற மாகாணம் கிடையாது. அந்தப் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு ஆயிரக்கணக்கான தொண்டைகள் கத்திக் கூப்பிட்டது, கொல்கத்தா மைதானத்தில் இருந்த ஒரு கால்பந்து கிளப் மட்டும்தான். வீடு போய்விட்டது, வீட்டு விலாசம் மட்டும் ஒரு சட்டையில் ஒட்டிக்கொண்டு மிச்சமிருந்தது. ரசிகர்கள் என்று நாம் சொல்கிற சொல் இதற்குப் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, அந்த ஐந்து விரல்களுக்கு வருகிறேன். ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையில் 1949 முதல் சில ஆண்டுகள் ஒன்றாக ஆடிய ஐவரை 'பஞ்ச பாண்டவர்கள்' என்றார்கள். வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான் மூவரும் பெங்களூர். அப்பாராவ் ஆந்திரா. சாலே கேரளா. ஒருத்தர்கூட வங்காளி இல்லை! 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றார்கள். அதாவது மனிதர்கள் பிளாட்பாரத்திலும் முகாமிலும் கிடந்த அதே வருஷங்கள். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவன், "அகதிப்பய" என்று பேச்சு வாங்கியவன், டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கோட்டை மேட்டில் ஏறி நின்று தூரத்தில் சிவப்பும் பொன்னிறமுமாக ஓடுகிற உருவங்களைப் பார்த்தான். ஊரின் பெயர் ஜெயித்தது. ஜெயிக்கவைத்தவர்கள் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

பெங்களூர் எப்படி இதில் வந்தது என்றால், வெள்ளைக்காரப் படை இருந்த தண்டுப் பகுதிதான் அங்கே கால்பந்துக்கு வித்து. சிப்பாய்கள் ஆடினார்கள், சுற்றி இருந்த தெருப் பையன்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தண்டில் பாதித் தெரு தமிழ்த் தெரு. வடார்க்காட்டிலிருந்து படைக்குப் பின்னாலேயே கிளம்பிப்போன ஜனம் நிறைய. திருவண்ணாமலை 1989 வரைக்கும் அந்த மாவட்டம்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். தன்ராஜும் அகமது கானும் அதே லண்டன் அணியில் இருந்தவர்கள். எங்கள் பக்கத்து ஊர்க் கதையை ஜாதவ்பூர் வரைக்கும் போய்த் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

இந்தப் பக்தியில் எல்லாம் அழகு என்று சொல்ல நான் வரவில்லை. 1975 செப்டம்பர் 30, கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது. அந்தத் தோல்வி தாளாமல் மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இந்தக் கடிதத்தை நெகிழ்ச்சியான கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நெகிழ ஒன்றும் தெரியவில்லை. ஒரு வீட்டில் பிள்ளை போய்விட்டான்.

1980 ஆகஸ்ட் 16 இன்னும் மோசம். ஈடன் கார்டனில் லீக் ஆட்டம். களத்தில் முரட்டு ஆட்டம், இரண்டு பேரை நடுவர் வெளியேற்றினார். மாடத்தில் அடிதடி தொற்றிக்கொண்டது. கல் பறந்தது, ஜனம் வழி தேடி நெரிந்தது. பதினாறு பேர் செத்துப்போனார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அப்பாவின் கையைப் பிடித்து மைதானம் போகப் பழகிய பையன்கள் ஒருநாள் அப்பா இல்லாமல் தனியாகப் போகத் தொடங்குவார்கள் இல்லையா, அந்த வயசுப் பையன்கள் அதில் உண்டு. நண்பனின் அப்பாவும் அன்றைக்குப் போயிருந்தார். ராத்திரி பத்து மணிக்கு ஒரு செருப்போடு வீடு வந்தார். தாத்தா அவரை ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு அப்புறம் கட்டிப்பிடித்து அழுதாராம். அடுத்த வாரம் இரண்டு பேரும் மறுபடி மைதானத்துக்குப் போனார்களா என்று கேட்டேன். "அதை யாரும் சொன்னதில்ல" என்றான் நண்பன். இப்போது ஒவ்வோர் ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர்கள் தினம். இரண்டு கிளப் ஆட்களும் வந்து ரத்ததானம் செய்கிறார்கள்.

நண்பன் தலைமுறைக்கு வரும்போது பரிசால் ஒரு கதைதான். அவன் போனதில்லை, போக ஆசையும் இல்லை. அவன் கட்டிக்கொண்டதோ மோகன் பகான் வீட்டுப் பெண்ணை. ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் இரண்டு சோபா, இரண்டு பக்கம். ஜெயித்தவன் பக்கத்து மீன்தான் ராத்திரி சமையல். "கிளப்பை விட்டுடலாம்னு தோணியிருக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். தோற்றுக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. யோசித்துத்தான் பதில் சொன்னான். "விடலாம். ஆனா தாத்தாகிட்ட வேற என்ன பேசறது?"

அந்த வருஷங்களில்தான் ஒன்று நடந்தது. 2020 ஜனவரி 19, சால்ட் லேக் ஸ்டேடியம். குடியுரிமைச் சட்டமும் காகிதங்களும் நாடெங்கும் பேச்சாக இருந்த நேரம். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மாடத்தை மறைக்கிற அளவு பெரிய பதாகை ஒன்றை இறக்கினார்கள். இந்த மண்ணைக் காகிதம் கொடுத்து வாங்கவில்லை, ரத்தம் கொடுத்து வாங்கினோம் என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தது. அதைப் பிடித்திருந்தவர்கள் எல்லாம் பேரன்கள். அன்று ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் தோற்றது.

பிறகு 2023 ஆகஸ்ட் 12. டூரண்ட் கோப்பை. 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானை ஒருமுறைகூட வெல்லாத ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. கோல் அடித்தது நந்தகுமார் சேகர். சென்னைப் பையன். விசில் ஊதி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு போன். "உங்க ஊரு ஆளு! தாத்தா ஆறாவது விரலைத் தேடிக்கிட்டு இருக்காரு!" பின்னால் கிழவரின் இருமலும் யாரோ சங்கு ஊதுவதும் கேட்டன.

2024 ஆகஸ்டில், மருத்துவ மாணவி கொல்லப்பட்டதற்காகக் கொல்கத்தா கொதித்துக்கொண்டிருந்தபோது, 18-ஆம் தேதி நடக்கவேண்டிய ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ரசிகர்கள் ஆட்டமில்லாத ஸ்டேடியத்துக்கு வெளியே கூடிவிட்டார்கள். போலீஸ் தடியடி. ஒரு கிளப் சட்டைக்காரனின் தோளில் இன்னொரு கிளப் சட்டைக்காரன் உட்கார்ந்திருக்கிற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நண்பனும் மனைவியும் சேர்ந்து போயிருந்தார்கள், அவரவர் சட்டையில்.

அந்த வருஷம் தீபத்துக்கு நண்பன் எங்கள் ஊருக்கு வந்தான். சிவப்பும் மஞ்சளுமான அதே சட்டை, நெஞ்சில் கிளப்பின் சின்னமான எரிகிற தீவட்டி. மாட வீதியில் டீ குடிக்க நின்றோம். டீ மாஸ்டர் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கட்சி தம்பி இது?"

"கட்சி இல்லண்ணே, அவங்க ஊரு பேரு" என்றேன்.

"எங்க இருக்கு அந்த ஊரு?"

"இப்ப இல்லண்ணே."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே நண்பனைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன், நம்ம சாத்தனூர் மாதிரி டேம் கட்டி முழுகிடுச்சா?"

நண்பன் என்ன கேட்கிறார் என்றான். மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் மாஸ்டர்.