கலைவாணர் அரங்கம் (பழைய கட்டடம்), சென்னை

சென்னை வாலாஜா சாலையில், ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துள், சட்டசபை மண்டபமாகத் தோன்றிப் பாலர் அரங்கமாக மாறிப் பின்னர்க் கலைவாணர் பெயரைத் தாங்கி, இறுதியில் இடிக்கப்பட்டு மறைந்த பொது அரங்கம் இது.

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிய முதற் பொதுத் தேர்தலின் பயனாக 375 அங்கத்தினர் கொண்ட சபையொன்று 1952-இல் அமைந்தபோது, அத்துணைப் பேருக்கும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த பழைய மண்டபம் இடந்தராமையால், அரசினர் தோட்டத்தில் புதிய மண்டபம் எழுப்பப்பட்டது. அவ்வாண்டு மே 3-ஆம் தேதி சபை அங்கே கூடிற்று. தமிழரும் ஆந்திரரும் மலையாளிகளும் கன்னடியரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து வாதிட்ட அக்காட்சியை நம் நாட்டு ஜனநாயக சரித்திரத்தின் அரிய அத்தியாயமென்றே கொள்ளவேண்டும். சபாநாயகராக வீற்றிருந்தவர், 1937-இல் சென்னை மேயர் பதவியை வகித்த ஆதிதிராவிடப் பெருமகன் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. பிறப்பினால் மனிதரைத் தாழ்த்திவந்த சமுதாயத்தில், மாகாணத்தின் பெருந்தலைவர்களெல்லாம் அவருடைய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நடந்தனர் என்பது, கட்டடத்தின் நீள அகலங்களைக் காட்டிலும் நினைவிற் கொள்ளத்தக்கது.

காங்கிரஸ் 152 ஸ்தானங்களே பெற்றிருந்தமையால், ராஜாஜியின் மந்திரிசபை பிற கட்சியினரின் ஆதரவை நாடவேண்டியதாயிற்று. வட ஆற்காடு ஜில்லாவில் செல்வாக்குப் பெற்ற காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அம்மந்திரிசபையில் இடம்பெற்றார். 1952 ஜூலை 3-ஆம் தேதி நம்பிக்கைத் தீர்மானம் 200-க்கு 151 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பிள்ளைகள் அரைநாள் பெற்றோரின் தொழிலைப் பயில வகுத்த குலக்கல்வித் திட்டத்தின்மேல் மூண்ட பெருங்கிளர்ச்சி 1954-இல் ராஜாஜியின் விலகலுக்கு வழிவகுக்க, காமராஜர் முதன்மந்திரியானார்.

மண்டபத்தின் விதியை மாற்றியது தேசப்படமே. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபாரும் தென் கன்னடமும் நீங்கின. அங்கத்தினர் தொகை சுருங்கவே, 1956 டிசம்பரோடு சபை இங்கே கூடுவது நின்று, 1957-இல் 205 பேர் கொண்ட புதிய சபை கோட்டைக்கே திரும்பிற்று.

வெறுமையுற்ற மண்டபம் பாலர் அரங்கமாயிற்று. 1974-இல் கருணாநிதி அரசு அதைப் புதுப்பித்து, நகைச்சுவையால் மூடப்பழக்கங்களைச் சாடிய என். எஸ். கிருஷ்ணனின் ‘கலைவாணர்’ என்னும் சிறப்புப்பெயரைச் சூட்டியது. நாடக மேடையிலிருந்து திரைக்குச் சென்ற அக்கலைஞரின் பெயர், நாடகங்களும் அரசு விழாக்களும் நடந்த மண்டபத்துக்கு இயல்பாகவே பொருந்திற்று.

2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய சட்டசபை வளாகத்தின் பொருட்டு இவ்வரங்கம் தகர்க்கப்பட்டது. முதல் சட்டசபையின் மண்டபத்தையே அழித்து வேறொரு சட்டசபைக்கு இடந்தேடியது வருந்தத்தக்க செயல். பழையதைப் பேணியே புதியதை நிறுவியிருக்கலாம். 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட அவ்வளாகமும், ஆட்சி மாறியபின் சபையை இழந்து, 2014-இல் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. அதே பெயரில் வாலாஜா சாலையில் எழுந்த புதிய அரங்கம் 2016-இல் திறக்கப்பட்டது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், அங்கத்தினர் இடைவெளி விட்டு அமரவேண்டியிருந்தமையால், 2020 செப்டம்பர் 14 முதல் தமிழ்நாடு சட்டப்பேரவை அதன் மூன்றாம் மாடியிற் கூடியது.