“டீச்சர், சத்தி வாற மாதிரி இருக்கு”

காலைக்கூட்டம் முடிந்து முதலாம் பாடவேளை தொடங்கும்போது இந்தக் குரலைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம். குமட்டலை எங்கே தொட்டுப் பார்ப்பது? முதல் வாரம் இரக்கப்படுவோம். மறுவாரமும் அதே பிள்ளை அதையே சொன்னால் “ஹோம்வேர்க் செய்யல்ல போல” என்று முடிவுகட்டிவிடுவோம். தரம் 4 மாணவி ஒருத்தி விடயத்தில் நாமும் அப்படித்தான் செய்தோம். பிறகு ஒருநாள் அவளுடைய உம்மா கிளினிக் கொப்பியோடு வந்து நின்றார். அந்த வெட்கத்தில் தேடி வாசித்ததே இந்தப் பதிவு.

இதயத்தைப் போல இரைப்பைக்கும் மின்துடிப்பு உண்டு. 1921இல் அமெரிக்காவில் வால்டர் அல்வாரெஸ் என்ற மருத்துவர், வயிற்றுச்சுவர் மிக மெலிந்திருந்த ஒரு மூதாட்டியின் தோல்மீது மின்வாய்களை வைத்து அதைப் பதிவுசெய்தார். குழாயும் இல்லை, கத்தியும் இல்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 அலைகள் தெரிந்தன. 1926இல் டம்பியர் என்ற சிறுவர் மருத்துவர், இரைப்பையின் கீழ்வாயில் தடித்து ஒடுங்கியிருந்த 5 வாரக் குழந்தையிடம் இதைச் செய்து பார்த்தார்.

ஆனால் அந்த அலை மிக மெல்லியது. இதயத்துடிப்பும் மூச்சும் பிள்ளையின் அசைவும் அதை மூடிவிடும். அதனால் இந்த முறை பல வருடங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1957இல் டேவிஸ் என்ற உளவியலாளர் மீண்டும் கையில் எடுத்தார். பின்னர் கணினி வந்து அலைகளைப் பிரித்தறிய உதவியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குமட்டலை உணர்வது மூளை. இரைப்பையின் தாளம் சீராக இருக்கும்போதும் பிள்ளைக்குக் குமட்டலாம். ஆகவே பிள்ளையிடமே கேட்க வேண்டும். ஆனால் சின்னப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை ஏது? 2011இல் ஏமி பாக்ஸ்டர் என்ற மருத்துவரும் குழுவினரும் 6 முகப் படங்களைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். சாதாரண முகத்தில் தொடங்கி சத்தி எடுக்கும் முகம் வரை இருக்கும். பிள்ளை விரலால் காட்டினால் போதும்.

2016இல் வெளியான ரோம் வரையறைகளின் நான்காம் பதிப்பு, பிள்ளைகளின் நீடித்த குமட்டலுக்கு முதன்முறையாகத் தனி இடம் கொடுத்தது. வாரத்துக்கு இரு தடவையாவது, இரண்டு மாதங்களாகத் தொடர்ந்து, பரிசோதித்தும் வேறு காரணம் கிடைக்காவிட்டால் அது ஒரு நோய்நிலை, நடிப்பு அல்ல. இன்று நியூசிலாந்தில் உருவான, 64 மின்வாய்கள் கொண்ட ஒட்டுப்பட்டை இரைப்பையின் அலையைப் பதிகிறது. அதே நேரம் நோயாளி தன் குமட்டலைத் திரையில் குறிக்கிறார். உடலின் அலையும் நோயாளியின் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில்.

நம் பாடசாலைகளில் இந்தக் கருவிகள் எதுவும் இல்லை. ஒரு கொப்பி இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் வரவில்லை என்று எழுதி உம்மா வாப்பாவிடம் கொடுத்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. எடை குறைந்தாலோ, விடியற்காலைத் தலைவலியோடு சத்தி வந்தாலோ, சத்தியில் இரத்தம் கண்டாலோ தாமதிக்கவே கூடாது.

நூறு வருடங்களாகக் கருவி செய்தவர்களும் கடைசியில் பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். நாம் கேட்ட பிறகாவது நம்புவோம்.