நிலைக்குவிய ஒளிப்படக் கருவியும் குடும்ப ஒளிப்பட ஆவணமும்: கோடாக் பிரௌனியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் சமூக வரலாற்றை எழுதுவோர் குடும்ப ஒளிப்படத் தொகுப்புகளை முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றனர். அவற்றுள் பெரும்பகுதி, குவியத்தை மாற்றிக்கொள்ள இயலாத எளிய பெட்டிக் கருவிகளால் எடுக்கப்பட்டவை. 1900இல் வெளிவந்த கோடாக் பிரௌனி என்னும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கருவியின் அமைப்பு ஆவணத்தின் உள்ளடக்கத்தை எவ்வாறு வரையறுத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நிலைக்குவியம், பிரௌனி, ஈஸ்ட்மன், குடும்ப ஒளிப்படம், ஆவணவியல்.

முன்னுரை

பழைய குடும்ப ஒளிப்படத் தொகுப்பு ஒன்றைப் புரட்டுவோர், அதில் ஒரே வகைக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். வீட்டு முற்றத்திலோ கடற்கரையிலோ மனிதர்கள் வரிசையாக நிற்கின்றனர். முழு உருவமும் தெரிகிறது. வெயிலில் கண்கள் சுருங்கியிருக்கின்றன. படத்தின் அடிப்பகுதியில் சில வேளைகளில் படமெடுத்தவரின் நிழல் விழுந்திருக்கிறது. இவற்றைக் கொண்டு அக்கால மக்களின் விறைப்பான உடல்மொழி, ஓய்வுநேரப் பழக்கம், குடும்ப ஒழுங்கு ஆகியன குறித்து முடிவுகள் கூறப்படுவதுண்டு. அம்முடிவுகளுள் எவை மக்களைப் பற்றியவை, எவை கருவியைப் பற்றியவை என்னும் வினா முதலில் எழுப்பப்பட வேண்டும்.

பெட்டியின் தோற்றம்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடாக் என்னும் பெயரில் ஒரு பெட்டிக் கருவியை வெளியிட்டார். அதன் விலை 25 டாலர். 100 படங்களுக்குரிய சுருள் உள்ளே வைக்கப்பட்டே அது விற்கப்பட்டது. சுருள் முடிந்ததும் கருவியையே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்கள் கழுவப்பட்டு, புதிய சுருளுடன் கருவி திரும்பி வரும். இருட்டறை வேலையைப் படமெடுப்பவரிடமிருந்து பிரித்தது இக்கருவி செய்த பெரிய மாற்றமாகும். எனினும் அந்த விலை உழைக்கும் மக்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

1900 பிப்ரவரியில் பிரௌனி வெளிவந்தது. ஈஸ்ட்மனுக்காகக் கருவிகளைச் செய்துவந்த பிராங்க் பிரௌனெல் அதனை வடிவமைத்தார். போலித் தோல் ஒட்டப்பட்ட அட்டைப் பெட்டி, ஒற்றை வில்லை, சுழலும் எளிய மூடுபொறி ஆகியவையே அதன் உறுப்புகள். விலை ஒரு டாலர். ஆறு படங்களுக்குரிய சுருள் 15 சென்ட். படத்தின் அளவு இரண்டேகால் அங்குலச் சதுரம். காட்சியை நோக்குவதற்குப் பெட்டியின் மேற்புறத்தில் வரையப்பட்ட கோடுகளே துணை. நோக்காடி தனியே வாங்கிப் பொருத்தத்தக்க துணைப்பொருளாக இருந்தது. பால்மர் காக்ஸ் வரைந்த குறும்பு உருவங்களின் பெயரைச் சூட்டி, சிறுவர்களை முன்னிறுத்தி விளம்பரம் செய்தனர். முதல் ஆண்டிலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. 1901இல் வந்த இரண்டாம் எண் பிரௌனிக்காக உருவான 120 வகைச் சுருள் இன்றும் உற்பத்தியில் உள்ளது.

நிலைக்குவியத்தின் இயங்குமுறை

குவியத்தை மாற்றாமலே தெளிவான படம் கிடைப்பது எப்படி என்பதை ஒளியியல் விளக்குகிறது. ஒரு வில்லையைக் குறிப்பிட்ட தொலைவுக்குக் குவியப்படுத்தினால், அத்தொலைவின் பாதியிலிருந்து அடிவானம் வரை உள்ள அனைத்தும் ஏற்கத்தக்க தெளிவுடன் பதியும். இதனை ஹைப்பர்ஃபோகல் தொலைவு என்பர். வில்லையின் குவியத்தொலைவை இருமடிப் பெருக்கி, அதனைத் துளை எண், ஏற்கத்தக்க மங்கலின் அளவு ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் இத்தொலைவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 மில்லிமீட்டர் குவியத்தொலைவும் 16 என்னும் துளை எண்ணும் கொண்ட ஒரு பெட்டிக் கருவியைக் கொள்வோம். நெகட்டிவைத் தாளின்மேல் நேரடியாக வைத்து அதே அளவில் அச்சிடும்போது 0.2 மில்லிமீட்டர் மங்கல் கண்ணுக்கு உறுத்தாது. அப்போது ஹைப்பர்ஃபோகல் தொலைவு ஏறத்தாழ 3.1 மீட்டர்; ஏறத்தாழ 1.6 மீட்டருக்கு அப்பால் உள்ள அனைத்தும் தெளிவு. அதே நெகட்டிவை மும்மடங்கு பெரிதாக்கினால் ஏற்கத்தக்க மங்கல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். தெளிவு தொடங்கும் இடம் 4.7 மீட்டருக்குத் தள்ளிப்போகும். ஆகவே பெட்டிக் கருவியின் பெரிய நெகட்டிவும், அதே அளவிலான சிறிய அச்சும், குவியம் மாறாத வில்லையும் ஒன்றையொன்று சார்ந்த ஓர் ஏற்பாடு எனலாம். இன்று அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்து திரையில் விரித்துப் பார்க்கும் ஆய்வாளர், படத்தின் மங்கலுக்குப் படமெடுத்தவரின் திறமையின்மையைக் காரணமாகக் கூறுவது பிழையாகும். அவர் காண்பது, அப்படம் எந்த அளவில் பார்க்கப்பட வேண்டுமென எண்ணப்பட்டதோ அந்த அளவில் அன்று.

இவ்வேற்பாட்டிற்குக் கொடுக்கப்பட்ட விலை ஒளியாகும். துளை சிறிதாக இருப்பதால் குறைந்த ஒளியே உள்ளே வரும். மூடுபொறியோ ஒரு நொடியில் ஏறத்தாழ 50இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே திறக்கும். அக்காலச் சுருளின் உணர்திறனுக்கு வெட்டவெளி வெயில் இன்றியமையாததாயிற்று. எனவேதான் வெயிலைத் தம் முதுகுக்குப் பின்னே கொண்டு நிற்குமாறு படமெடுப்போர்க்கு அறிவுறுத்தப்பட்டது.

பதிந்தவையும் பதியாதவையும்

மேற்கண்ட விதிகளிலிருந்து தொகுப்புகளின் பொதுத்தன்மைகளைப் படிப்படியாக வருவிக்கலாம். படமெடுப்பவரின் முதுகுப்புறம் வெயில் இருந்தால் எதிரே நிற்பவரின் கண் கூசும். கதிர் சாய்ந்த வேளையில் படமெடுப்பவரின் நிழல் முன்னே நீளும். மிக அருகில் உள்ளவை தெளியாமையால் முகம் மட்டும் நிறையும் படம் அரிதாகும். ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர் அந்த 50இல் ஒரு பங்கு நொடியில் 2.4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அவர் மூன்று மீட்டர் தொலைவில் இருந்தால், மேற்குறித்த கருவியில் அவரது உருவம் 0.8 மில்லிமீட்டர் இழுபடும். இது ஏற்கத்தக்க மங்கலின் நான்கு மடங்கு. ஆகையால் மனிதர்கள் அசையாமல் நிறுத்தப்பட்டனர். அவர்களுடைய விறைப்பை உடனே பண்பாட்டுக் கூறாகக் கொள்வதற்குமுன் இக்கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும்.

வீட்டின் உட்புறம் முற்றிலும் விலக்கப்பட்டதன்று. மூடுபொறியைத் திறந்தே வைக்கும் வசதி பிரௌனியில் இருந்தது. கருவியை மேசைமேல் வைத்து, சன்னலோரத்தில் அமர்ந்தவரைச் சில நொடிகள் அசையாதிருக்கச் செய்து படமெடுக்கலாம். ஆனால் சமையலறையில் வேலை செய்யும் பெண், இருண்ட பட்டறையில் இயந்திரத்தின்முன் நிற்கும் தொழிலாளி, இரவில் நோயாளியின் அருகே விழித்திருப்பவர் ஆகியோர் அசைவின்றி இருக்க இயலாதவர்கள். அவர்கள் பெரும்பாலும் தொகுப்பில் இடம்பெறவில்லை. குடும்பத் தொகுப்பில் உழைப்பும் துயரமும் குறைந்து, விடுமுறையும் மகிழ்ச்சியும் மிகுந்திருப்பதற்கு மக்களின் விருப்பமும் விளம்பரத்தின் தூண்டுதலும் காரணங்களே. அவற்றோடு ஒளியின் பற்றாக்குறையும் ஒரு காரணமாகும்.

பெர்னிஸ் பால்மர் எடுத்த படங்கள்

இக்கருத்தை 1912 ஏப்ரல் நிகழ்வு ஒன்று தெளிவாக்கும். டைட்டானிக் கப்பலில் உயிர்தப்பியோரை மீட்ட கார்பாத்தியா கப்பலில் பெர்னிஸ் பால்மர் என்னும் கனடா நாட்டு இளம்பெண் பயணம் செய்தார். அவர் கையில் ஒரு பிரௌனி இருந்தது. பனிப்பாறையையும், கப்பலின் மேல்தளத்தில் இருந்த உயிர்தப்பியோரையும் அவர் படமெடுத்தார். நியூயார்க்கில் செய்தி நிறுவனம் ஒன்று அவற்றைச் சிறு தொகைக்கு வாங்கியது. தொழில்முறை ஒளிப்படக்காரர் எவரும் எதிர்பார்த்துச் சென்றிருக்க இயலாத இடத்தில், மலிவான கருவி ஒன்று சாதாரணப் பயணி ஒருவரை வரலாற்றுச் சாட்சியாக்கியது. அதே வேளையில் அப்படங்கள் யாவும் பகலொளியில், திறந்த வெளியில் எடுக்கப்பட்டவை. நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்த மூழ்கலுக்கு ஒளிப்படம் ஏதும் இல்லை. கருவியின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே வெளிப்படும் இடம் இது.

பிற்கால வளர்ச்சி

எல்லைகள் காலப்போக்கில் நகர்ந்தன. 1940இல் ஒளிவீச்சுக் குமிழ் பொருத்தத்தக்க பிரௌனி வந்தது. 1952இல் இங்கிலாந்தில் வெளிவந்த பிரௌனி 127 கருவியில், ஒற்றை வில்லையின் ஓரக் குறையைச் சரிசெய்யப் படச்சுருள் செல்லும் தளமே வளைவாக அமைக்கப்பட்டது. 1963இல் இன்ஸ்டமேட்டிக் வந்தபோது, சுருளைக் கோத்துச் சுற்றும் வேலையும் நீங்கி, பெட்டகத்தைச் செருகினாலே போதும் என்றாயிற்று. ஒளிவீச்சு எளிதானபின் பிறந்தநாள் விழா போன்ற வீட்டுக்குள் நிகழ்பவை தொகுப்புகளில் பெருகின. இதனைக் கொண்டு, அத்தகைய விழாக்கள் அக்காலத்தில்தான் பெருகின என முடிவுகட்டுதல் பொருந்தாது.

இந்தியாவில் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கது, இங்கேயே தயாரிக்கப்பட்ட அக்ஃபா கிளிக் 3. 120 வகைச் சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் இக்கருவி நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் கேமராவாக இருந்தது. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்னும் பெயரில் கருப்பு வெள்ளைப் படச்சுருள்களை உற்பத்தி செய்தது. தமிழகக் குடும்பத் தொகுப்புகளை ஆராய்வோர்க்கும் மேற்கூறிய வரையறைகள் பொருந்தும்.

முடிவுரை

நிலைக்குவியக் கருவி படமெடுப்பவரிடமிருந்து முடிவெடுக்கும் பொறுப்பை நீக்கியது. அதனால் சிறுவரும் பெண்களும் எளிய வருவாயினரும் தம் வாழ்வைத் தாமே பதிவுசெய்ய முடிந்தது. இது அதன் பெருங்கொடை. ஆனால் நீக்கப்பட்ட முடிவுகள் மறைந்துவிடவில்லை. எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஒளி, எவ்வளவு அசைவு என்பவற்றைத் தொழிற்சாலை முன்கூட்டியே முடிவுசெய்து பெட்டிக்குள் அடைத்துவிட்டது. ஆகவே குடும்ப ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது எந்தக் கருவியால், எந்தச் சுருளில் எடுக்கப்பட்டது, எந்த அளவில் அச்சிடப்பட்டது என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். ஆவணக் காப்பகங்கள் நெகட்டிவின் அளவையும் மூல அச்சின் அளவையும் அட்டவணையில் சேர்ப்பின் இப்பணி எளிதாகும். அவ்வாறு செய்தால்தான் தொகுப்பில் இல்லாத ஒருவர், குடும்பத்தால் விலக்கப்பட்டவரா, வெயில் எட்டாத இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரா என்னும் வினாவையேனும் நாம் முறையாக எழுப்ப இயலும்.