தாய்மார் சுமந்த பழி

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளையைக் கண்டால், "வளர்ப்புச் சரியில்லை" என்ற சொல்லே நம் நாவில் முதலில் எழுகிறது. அச்சொல் இழைத்த அநீதிக்கு ஒரு வரலாறு உண்டு.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் சிலர் காது கேளாதவர் என்றும், சிலர் அறிவு குன்றியவர் என்றும் கருதப்பட்டிருந்தனர். இது தனியொரு நிலை என அவர் காட்டினார், அதுவே ஆட்டிசம்.

ஆயினும் பிழை வேறு வடிவில் தொடர்ந்தது. பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து பரவியது. 1967இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அதற்கு வலுவூட்டியது. பிள்ளையின் துன்பத்தோடு பழியையும் தாய்மார் சுமந்தனர்.

ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இலேயே இக்கருத்தை மறுத்திருந்தார். 1977இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் ஆகிய இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். உருவொத்த 11 இணைகளுள் 4இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. உருவொவ்வாத 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. காரணம் வளர்ப்பில் அன்று, பிறப்பிலேயே பெரிதும் உள்ளது என்பது புலனாயிற்று.

நம் மஹல்லாக்களிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ளனர். கண்ணேறு என்றும் ஜின் என்றும் ஆண்டுகள் கழிகின்றன. ஓதிப் பார்ப்பதும் துஆவும் நம் மரபே. மருத்துவம் நாடுவதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியே. பெற்றோர் முதலில் செவித்திறனைச் சோதித்து, குழந்தை வளர்ச்சி மருத்துவரை நாடட்டும். உஸ்தாதுகளாகிய நாங்களும் பிரம்பைத் தொடுமுன் சிந்திப்போம். பிள்ளை அமானிதம், அதன் நிலையைச் சரியாக அறிவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே.